புதுப்பாட்டுக் கமிட்டி

எங்கள் சபைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஐயர் முதல் ஞாயிற்றுக்கிழமையே பாடகர் குழுவைப் பாராட்டினார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். நாசரேத் பக்கத்துக்காரர், மென்மையான குரல். "ரொம்ப நல்லாப் பாடுதிய. நான் சின்னப் பிள்ளையா இருக்கையில எங்க அம்மாகூட இந்தக் கோயிலுக்கு வந்திருக்கேன். அன்னைக்கும் இதே பாட்டுதான்" என்றார்.

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவர் எங்கள் கொயர் மாஸ்டர் ஒருவர்தான். எங்களுக்கு உருப்படியாகத் தெரிந்த பெரிய கீதம் அது ஒன்றே. ஆகையால் ஈஸ்டர், பிஷப் வருகை, புது ஐயரை வரவேற்பது, பழைய ஐயரை அனுப்புவது எல்லாவற்றுக்கும் அதையே பாடுவோம். யார் வந்தாலும் யார் போனாலும் எங்களுக்கு ஒரே சந்தோஷம்தான்.

வருகிற ஈஸ்டருக்குப் புதுப்பாட்டு வேண்டும் என்று ஐயர் ஜனவரியில் சொன்னார். சொன்ன கையோடு கமிட்டியும் போட்டார். கொயர் மாஸ்டர், சோப்ரானோவிலிருந்து ஒருவர், ஆல்டோவிலிருந்து ஒருவர், பாஸிலிருந்து ஒருவர். ஆல்டோ நான். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், இருபத்திரண்டு வருடமாக ஆல்டோ. ஆல்டோ என்றால் என்னவென்று தெரியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம், என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. உச்சத்தில் சோப்ரானோக்கள் ராகத்தைப் பாடுவார்கள், கீழே ஆண்கள் முழங்குவார்கள், நடுவில் ஐந்து பெண்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நாங்கள் பாடாவிட்டால் ஏதோ குறைகிறது என்று தெரியுமாம். பாடினால் ஒன்றும் தெரியாது.

முதல் கூட்டம் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஹாலில். ஒரு தட்டு முந்திரி மக்ரூன், டீ, மேலே சுற்ற மனமில்லாத ஒரு ஃபேன். கொயர் மாஸ்டர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வங்கியிலும் கொயரிலும் அவருக்கு ஒரே முறைதான், கேட்டதை உடனே கொடுத்துவிட மாட்டார்.

"புதுசு புதுசுங்காவளே, பழசுல என்ன குறையாம்?" என்று ஆரம்பித்தார்.

"குறை ஒண்ணும் இல்ல சார். ஆனா எல்லாருக்கும் மனப்பாடமாயிட்டு. நாம பாடுததுக்கு முன்னாடியே முன்வரிசைல இருக்கிற அம்மாமார் பாடி முடிச்சிருதாவ" என்றேன்.

சோப்ரானோ சார்பில் வந்திருந்தவர் டாக்டரம்மா. டாக்டர் அவருடைய கணவர். ஆனால் ஊரில் மருந்து சொல்வது இந்த அம்மாதான். அவர் கைபேசியை எடுத்து மேசையில் நிறுத்தி வைத்தார். வெளிநாட்டில் அவர் மகள் போகிற கோயிலில் எடுத்த வீடியோ. குறைந்தது எண்பது பேர் பாடுகிறார்கள். பின்னால் சுவர் அளவுக்கு ஒரு பைப் ஆர்கன். கடைசிச் சுரத்தில் அந்த ஊர்க் கண்ணாடி ஜன்னல்கள் நடுங்கின.

"இதே மாதிரி பண்ணணும்" என்றார் டாக்டரம்மா.

நாங்கள் பத்தொன்பது பேர். எங்களிடம் இருப்பது ஒரு கீபோர்டு, அதில் நடுவிலே ஒரு கட்டை அமுக்கினால் கீழே போகும், மேலே வராது. சாகுபுரம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இன்ஜினியர் ஒருவர் வாராவாரம் வந்து அந்தக் கட்டையைத் தவிர்த்து வாசிப்பதில் தேர்ச்சி பெற்றிருந்தார். இதையெல்லாம் நான் சொன்னேன்.

"விசுவாசம் வேணும் டீச்சர்" என்றார் டாக்டரம்மா.

பாஸ் சார்பில் வந்த உப்பள அண்ணாச்சிக்கு முத்தையாபுரம் பக்கம் உப்பளம் இருக்கிறது. குரலும் அதற்கேற்ற குரல், வெட்டவெளியில் தூரத்து ஆளைக் கூப்பிட்டுப் பழகியது. பாட்டைத் தேர்ந்தெடுக்க அவரிடம் இருந்த அளவுகோல் ஒன்றுதான்.

"எத்தன நிமிசம்?"

"ஆறரை நிமிசம் அண்ணாச்சி."

"வேண்டாம்."

அவ்வளவுதான், பரிசீலனை முடிந்தது. அதன்பின் எந்தப் பாட்டைப் போட்டாலும் அண்ணாச்சி தன் கைபேசியில் நேரம் பார்ப்பார். மூன்றரை நிமிடத்தைத் தாண்டியதும், பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும், மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். தள்ளுபடி என்று அர்த்தம்.

இப்படி நான்கு கூட்டம் நடந்தது. பாட்டு எதுவும் தேறவில்லை, மக்ரூன் தேறியது. ஒரு பாட்டில் சோப்ரானோவுக்கு உச்ச சுரம் இல்லை என்று டாக்டரம்மா நிராகரித்தார். இன்னொன்றில் கைதட்டு வருகிறது என்று கொயர் மாஸ்டர் நிராகரித்தார். கைதட்டுவது அவர் பார்வையில் வேறு சபைக்காரர்கள் செய்கிற காரியம். எங்கள் சபையிலேயே ஒரு வாலிபர் எழுதிய பாட்டு ஒன்றும் வந்தது. கேட்க நன்றாகவே இருந்தது. "இவுக அப்பாவை எனக்குத் தெரியும்" என்றார் கொயர் மாஸ்டர். அந்தப் பாட்டும் அத்தோடு முடிந்தது.

ஐந்தாவது கூட்டத்துக்குக் கொயர் மாஸ்டர் ஒரு உறையோடு வந்தார். உள்ளே ஓர் ஆங்கில ஈஸ்டர் கீதம். எழுதியவர் செத்து வெகுகாலம் ஆகிறது, ஆட்சேபம் சொல்ல வரமாட்டார். மாஸ்டர் அதற்குத் தமிழில் வார்த்தை எழுதி, சோல்ஃபா முறையிலும் தானே மாற்றியிருந்தார். ஐந்து கோட்டில் எழுதிய இசைக்குறிப்பு எங்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. டோ, ரே, மீ என்று எழுத்தாக எழுதிக் கொடுத்தால்தான் பாடுவோம். தாளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, மனிதர் நான்கு கூட்டத்தையும் எங்களைக் களைப்படைய வைக்கத்தான் நடத்தியிருக்கிறார்.

உச்ச சுரம் இருந்தது. டாக்டரம்மா சரி என்றார். நிமிடம் மூன்றேகால். அண்ணாச்சி மக்ரூனைத் தொடவில்லை.

நான் ஏன் சரி என்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாட்டின் நடுவில் எட்டு பார், அதாவது எட்டுத் தாளக் கட்டம், ஆல்டோவுக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க, நாங்கள் ஐந்து பேர் மட்டும். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வார்த்தைகளைப் படித்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கணக்கை முழுசாகப் படிக்காமல் விடை எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற டீச்சர்தான் நான்.

அடுத்த கேள்வி டெனர், ஆண்களில் மேலே போகிற குரல். எங்கள் கொயரில் டெனர் ஒரே ஒருவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற தம்பி, முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குக் கமிட்டியில் இடமில்லை, கூட்டத்துக்கு வர ஷிப்ட் இடம் கொடுக்காது என்பதால். ஆனால் அவர் வராவிட்டால் எந்தப் பாட்டும் இல்லை. கொயர் மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஈஸ்டர் அன்னைக்குக் காலைல இருப்பியளா?"

"கப்பல் வந்தா வந்ததுதான் சார். ஈஸ்டர்னு அதுக்குத் தெரியாது."

"ஜெபம் பண்ணுவோம்" என்றார் டாக்டரம்மா. கப்பல் வராமல் இருக்க ஜெபிக்கிற ஒரே துறைமுக ஊர்க்காரர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மார்ச்சில் பயிற்சி ஆரம்பித்தது. முதல் இரண்டு சனிக்கிழமை ஒவ்வொரு குரலும் தனித்தனியாகப் படித்தோம். மூன்றாவது சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து பாடியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆங்கிலத்தில் கல்லறைக் கல் புரண்டு போனது என்று ஒரு வரி. அதன் கடைசி வார்த்தையை மட்டும் பாஸ் ஆண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, மாறி மாறி எதிரொலிக்க வேண்டும். கொயர் மாஸ்டர் அந்த இடத்துக்குத் 'திறந்தது கல்லறை' என்று எழுதியிருந்தார். நல்ல வரிதான். ஆனால் எதிரொலிக்க மிச்சம் இருந்தது அதன் வால் மட்டும்.

நாங்கள் "திறந்தது கல்லறை" என்று பாடி நிறுத்தினோம். உப்பள அண்ணாச்சியும் அவர் மச்சானும் தூரத்து ஆளைக் கூப்பிடும் குரலில் "அறை!" என்றார்கள். எதிர் வரிசை பாஸ்காரர்கள் இருவர் "அறை!" என்று பதில் கொடுத்தார்கள். மறுபடி இவர்கள் "அறை!" மறுபடி அவர்கள் "அறை!"

பள்ளிக்கூடத்தில் இரண்டு கோஷ்டி மோதிக்கொள்ளும்போது பின்னால் நிற்பவர்கள் உசுப்பேற்றுவது இப்படித்தான் இருக்கும். கிரேன் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

பயிற்சி முடிந்ததும் நான் மாஸ்டரிடம் போனேன். "சார், அந்த பாஸ் இடம் மட்டும் கொஞ்சம் மாத்தலாம்லா? அடிக்கச் சொல்லுத மாதிரி கேக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறைன்னா ரூம்னும் அர்த்தம் உண்டு டீச்சர். நீங்க கணக்கு டீச்சர்தானே?"

"ஆமா சார்."

"அதான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆல்டோக்களுக்கு அது நல்ல பழக்கம். எட்டு பாரை நினைத்துக்கொண்டேன் என்பதும் உண்மை. பாட்டைக் கலைத்தால் அதுவும் போய்விடும்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் கடைசிப் பயிற்சி. ஐயர் ஜெபம் பண்ணி வைக்க வந்தார். "ஒரு தடவை பாடுங்க, கேப்போம்" என்று முன் பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைக்கு உப்பள அண்ணாச்சியும் மச்சானும் வரவில்லை. ஏரலில் இந்துவாக இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மிச்சமிருந்த இரண்டு பாஸ்காரர்களே நான்கு தடவையும் "அறை" போட்டார்கள். ஐயர் மெதுவாக நிமிர்ந்தார்.

"யாரை?" என்றார்.

பாஸ்காரர்கள் இருவரும் தாளைப் பார்த்தார்கள்.

"இல்ல, யாரை அடிக்கச் சொல்லுதாவ? ரோமச் சேவகனையா?"

கொயர் மாஸ்டர் ரூம் என்கிற அர்த்தத்தை விளக்க ஆரம்பித்தார். ஐயர் அதே மென்மையான குரலில், "சார், நாளைக்கு ஊரே வரும். அதுல பாதி டீச்சர்மாரு. மாத்திருங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்பதுபோல் டாக்டரம்மா ஒரு தினுசாகப் பார்த்தார். நான் அங்கேயே பென்சிலால் 'திறந்தது கல்லறை' என்பதை அடித்து, 'அவர் இங்கே இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். எதிரொலி, "இல்லை, இல்லை." சுரத்தை மாற்ற வேண்டாம், ஓர் அசையை நீட்டினால் கச்சிதமாக உட்கார்ந்தது. கொயர் மாஸ்டர் தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். "சுமாரா இருக்கு" என்றார். அவரிடமிருந்து கடன் வாங்கியவர்களுக்குத்தான் தெரியும், அது பெரிய ஒப்புதல்.

"வராத ரெண்டு பேருக்கும் யாரு சொல்லுவா?" என்று கேட்டேன்.

"நான் போன் போட்டுருதேன்" என்றார் மாஸ்டர்.

போட்டார். அண்ணாச்சி எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் யாருக்குப் போன் சத்தம் கேட்கும்? மாஸ்டர் தன் கடமை முடிந்தது என்று படுத்துவிட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஈஸ்டர் காலையில் கோயில் நிரம்பிவிட்டது. கப்பல் வந்திருந்தது, ஆனால் கிரேன் தம்பியும் வந்துவிட்டார். ஷிப்ட் முடித்து நேரே வந்ததால் வெள்ளை அங்கிக்குக் கீழே துறைமுக பூட்ஸ் தெரிந்தது. அண்ணாச்சியும் மச்சானும் பட்டு வேட்டியோடு, முந்தின நாள் கல்யாணச் சாப்பாட்டின் தெம்போடு, அணிவகுப்பில் சேர்ந்துகொண்டார்கள். பழைய தாள் அவர்கள் கையிலேயே இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

பாட்டு நன்றாகவே ஆரம்பித்தது. டாக்டரம்மா உச்ச சுரத்தை எட்டினார், கொஞ்ச நேரம் அங்கேயே குடியிருந்தார். அந்த வரி வந்தது. "அவர் இங்கே இல்லை" என்று பாடி நிறுத்தினோம்.

அண்ணாச்சி அணி முழங்கியது. "அறை!"

எதிர் அணி பதில் கொடுத்தது. "இல்லை!"

"அறை!"

"இல்லை!"

பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜ் கவுண்டரில் நின்று கேட்பதுபோல் இருந்தது. அண்ணாச்சிக்கு ஏதோ தப்பு நடக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். எதிர் அணிதான் மறந்துவிட்டது என்று நினைத்து, எடுத்துக் கொடுக்கிற நோக்கத்தில் அடுத்த "அறை"யை இன்னும் ஓங்கிச் சொன்னார். அவர்களும் சளைக்காமல் "இல்லை" என்றார்கள். கொயர் மாஸ்டர் கண்ணை மூடி, முகத்தில் ஒரு தெய்வீகக் களையோடு, கையை அசைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது எங்கள் எட்டு பார்.

எனக்கு மூச்சு இல்லை. சிரிப்பை அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவளும் என்னைப்போலவே தாளால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த எட்டு பாரில் நான் பாடியது கடைசி ஒன்றரை. மற்ற மூன்று பேரும் பாடினார்கள். தெளிவாக, நிதானமாக, ஒரே குரல்போல் பாடினார்கள். கோயில் முழுக்க அமைதியாகக் கேட்டது. நான் இல்லாமலே அது நன்றாக இருந்தது. அந்த நேரத்தில் சிரிப்பு எங்கே நின்றது, கண்ணீர் எதனால் தொடர்ந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். ஐயர் பிரசங்க மேடையில் ஏறினார். எழுதி வைத்திருந்த தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார்.

"நம்ம கொயர் இன்னைக்கு ஒரு காரியம் பண்ணியிருக்காவ, கவனிச்சியளா?" என்றார். "பிறக்க வந்தப்பவும் இயேசுவுக்குச் சத்திரத்துல அறை இல்லைன்னுட்டாவ. செத்த பிறகு அடைச்சு வைக்க நினைச்ச அறையிலயும் அவரு இல்ல. கிறிஸ்மஸையும் ஈஸ்டரையும் ஒரே வரியில கொண்டுவந்து கட்டியிருக்காவ."

அதற்கு மேல் இருபது நிமிடம் அதையே பேசினார். நன்றாகவே பேசினார். முன்வரிசை அம்மாமார் கண்ணைத் துடைத்தார்கள். உப்பள அண்ணாச்சி எதிர் அணியைத் திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த முகத்தை மெல்ல மெல்லப் பணிவான முகமாக மாற்றிக்கொண்டார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கொயர் மாஸ்டரைச் சுற்றிக் கூட்டம். "என்ன ஆழமான பாட்டு அண்ணாச்சி!" என்று ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாலு மாசமா யோசிச்சேன்" என்றார் மாஸ்டர்.

என்னை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். "டீச்சரும் ஒரு சின்ன உதவி செஞ்சாவ" என்று சேர்த்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் அவர் அவ்வளவு சொன்னதே அதிகம்.

அந்த வாரமே சாத்தான்குளத்திலிருந்து ஒரு கொயர் பாட்டின் நகல் கேட்டது. மாஸ்டர் புதிதாகத் தட்டச்சு செய்து அனுப்பினார். அதில் முதல் அணிக்கு 'அறை' என்றும், இரண்டாம் அணிக்கு 'இல்லை' என்றும் அச்சில் ஏறியிருந்தது. கீழே தமிழாக்கம் என்று அவர் பெயர். இன்னும் சில வருடத்தில் தாமிரபரணிக் கரையெல்லாம் ஈஸ்டர் காலையில் லாட்ஜ் கவுண்டராக ஆகிவிடும். காரணம் கேட்டால் ஆழமான அர்த்தம் இருக்கிறது என்பார்கள். இனி இருக்கத்தான் செய்கிறது, நான் என்ன மறுப்பது?

டாக்டரம்மா மட்டும் என்னிடம் வந்து, "அந்த மூணு பேரும் நல்லாப் பாடினாவ டீச்சர். உங்களுக்குத்தான் தொண்டை சரியில்லயோ? சித்தரத்தை போட்டுக் குடிங்க" என்றார். மூன்று பேர் என்று எண்ணியிருக்கிறார். உச்ச சுரத்தில் குடியிருப்பவருக்குக் கீழ்வீட்டில் நடப்பது கேட்காது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சித்தரத்தை போட்டுக் குடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு நடுவில் ஒருவர் ஹால் வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. பேருந்து நிலையத்துக்கு எதிரே உண்மையாகவே லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி. சபைக்காரர்தான், பின் பெஞ்ச்காரர்.

"ஈஸ்டர் அன்னைக்கு என் லாட்ஜ்ல நாலு ரூம் காலியாக் கிடந்துச்சு. நீங்க பாட்டுக்கு இல்ல இல்லங்கிய" என்றார்.

கொயர் மாஸ்டர் எழுந்து பிரசங்கத்தின் அர்த்தத்தைச் சொல்ல வாயெடுத்தார். லாட்ஜ் அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"சும்மா சொன்னேன் சார். எம்பொண்டாட்டி ஒரு வாரமா இதச் சொல்லியே சிரிக்கா. பாட்டு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. காலேஜ்ல படிக்கையில பாடியிருக்கேன். சேத்துக்கிடுவியளா?"

"எந்தக் குரல்?"

"அதெல்லாம் தெரியாது. மேல போகும்."

மாஸ்டர் கீபோர்டைக் காட்டினார். இன்ஜினியர் ஒவ்வொரு கட்டையாக ஏறினார். லாட்ஜ் அண்ணாச்சியும் கூடவே ஏறினார், பழுதான கட்டை வந்த இடத்தில் தானாகவே சுரத்தைப் போட்டுத் தாண்டி மேலே போனார். சுத்தமான டெனர். டாக்டரம்மா கைபேசியைக் கீழே வைத்துவிட்டார்.

கிரேன் தம்பி பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். தன் தாளை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, விரலால் வரியைக் காட்டினார்.

"அண்ணாச்சி, இங்கன இருந்து நாம."